சில்லும் செயினும்: வாசகர் கேள்வி – பதில்

மாரி ஓய்ந்து கச்சான் காற்றுத் தொடங்குவதற்கு இடைப்பட்ட மாதங்கள்தான் திருகோணமலையில் பைக்கைக் கழற்றிப் பூட்ட வசதியான காலம். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை துருவையும் தண்ணீரையும் பற்றியவை. அலங்கார வேலை கேட்டவர்களுக்கும் இடையிடையே பதில் உண்டு.

சிடி 100 பைக்கின் பின்னால் றெஜிபோம் பெட்டி கட்டித் தோப்பூர், சேருநுவர வரை மீன் விற்கிறேன். புதுச் செயின் செற் போட்டு ஆறு மாதம் போவதற்குள் பல்லெல்லாம் கூராகிவிடுகிறது. மலிவான செற் வாங்குவதாலா?
— மீன் வியாபாரி, மூதூர்

செற்றின் தரத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் பெட்டியின் அடியைப் பாருங்கள். ஐஸ் கரைந்த தண்ணீர் எந்த இடத்தில் சொட்டுகிறது? பெரும்பாலும் பெட்டியின் இடது மூலையிலிருந்து செயின் கவரின் மேல் வழிந்து, அதன் பொருத்துக்குள் இறங்கும். மீன்தண்ணீரில் உப்பும் உண்டு, கொழுப்பும் உண்டு. கவருக்குள் போனால் சுலபத்தில் காயாது. செயினின் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் போய், இருந்த ஒயிலைத் தள்ளிவிட்டுத் துருவை வைத்துவிடும். துருத்தூள் அரத்தூள் மாதிரி. பின் தேயத் தேயச் செயின் நீளும், நீண்ட செயின் பல்லின் நுனியில் ஏறும், பல் கூராகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செற்றும் இதற்குத் தாக்குப்பிடிக்காது.

பெட்டியின் தாழ்ந்த மூலையில் ஒரு துளை போட்டு, அரை அங்குலத் தோட்டக் குழாய்த் துண்டொன்றைச் செருகிப் பசை வையுங்கள். மறுமுனையை ஒரு ஐந்து லீற்றர் கானுக்குள் விட்டு, கானைக் கரியரின் வலப்பக்கம் கட்டுங்கள். குழாயை வீதியில் சொட்ட விடுவது சுலபம்தான். ஆனால் வளைவில் பின்னால் வருபவர் அதில்தான் சறுக்குவார். பெட்டிக்கும் கரியருக்கும் இடையில் ஓரம் மடித்த தகரத் தட்டு ஒன்று வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது செயின். 100 முதல் 150 சிசி வரையான பைக்குகளில் பெரும்பாலும் 428 இலக்கச் செயின். ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடைவெளி 12.7 மில்லிமீட்டர். இருபது கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தால் புதிதில் 254 மில்லிமீட்டர் இருக்கும். அது 259ஐத் தொட்டுவிட்டால் செயின் முடிந்தது. அந்த நிலையில் செயினை மட்டும் மாற்றினால் பழைய பற்கள் புதுச் செயினையும் தின்னும். முன்பல், பின்பல், செயின் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

வாரம் ஒருமுறை செயினை மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். பெற்றோல் வேண்டாம், கம்பிப் பிரஷ்ஷும் வேண்டாம். பிறகு 90 இலக்கக் கியர் ஒயிலைச் செயினின் உட்பக்கம் படும்படி விட்டு, எஞ்சினை நிறுத்தியபடியே பின்சில்லைக் கையால் சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கியர் போட்டு ஒயில் விடும் வேலை விரலைக் கொண்டுபோகும். ஒயிலை இரவில் விட்டால் காலைக்குள் உள்ளே ஊறிவிடும், மேலே மிஞ்சியதைத் துடைத்துவிட்டுப் புறப்படலாம். காலையில் விட்டுவிட்டு உடனே ஓடினால் பாதி ஒயில் ரிம்மில் தெறித்திருக்கும்.

தொய்வைச் செயினின் கீழ்ப்பக்க நடுவில் பார்க்க வேண்டும். 25 முதல் 30 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஆடலாம். சில்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எந்த இடத்தில் செயின் அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் வைத்து அளவெடுங்கள். பாரம் ஏற்றுகிறவர்கள் "தொய்வே இருக்கக் கூடாது" என்று இறுக்கிவிடுவார்கள். பெட்டி நிறைந்து பின்பக்கம் அமுங்கும்போது செயின் மேலும் இறுகி, கியர்பொக்ஸின் வெளி அச்சுப் பெயரிங்கை இழுக்கும். முன்பல்லுக்குப் பின்னால் ஒயில் கசிவதற்கு இதுவும் ஒரு காரணம். இணைப்புக் கண்ணியின் கிளிப்பைப் பூட்டும்போது, மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேற்பக்கத்தில் பூட்டினால் மூடிய முனை எஞ்சின் பக்கம்.

பின்பக்க அச்சை வருடம் ஒருமுறையாவது உருவிக் கிரீஸ் பூசிப் போடுங்கள். உப்பு இறங்கிய அச்சு புஷ்ஷோடு ஒட்டிப்பிடித்தால், பஞ்சருக்குக்கூடச் சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற வேண்டிவரும். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் கேம் துண்டுக்கும் அதே கவனிப்பு வேண்டும், ஆனால் கடுகளவு கிரீஸ் போதும். அதிகமானால் சூட்டில் உருகி லைனிங்கில் படும். ஸ்போக் கம்பிகளை ஒரு ஸ்பானரால் தட்டிக் கேளுங்கள். இறுக்கமானது "ணங்" என்னும், தளர்ந்ததோ துருவில் அறுந்ததோ மந்தமாகத் தட்டும்.

கடைசியாகப் பாரம். இந்த வகைப் பைக்குகள் ஓட்டுநரையும் சேர்த்து 130 கிலோ அளவுக்குச் செய்யப்பட்டவை. பெட்டியின் நடு, பின் அச்சுக்கு நேர்மேலேயோ சற்று முன்னாலேயோ இருக்கட்டும். அச்சுக்குப் பின்னால் தள்ளிக் கட்டினால் முன்சில்லு இலேசாகிக் கைபிடி நடுங்கும்.

வீடு உப்புவெளிக் கடற்கரைக்குப் பக்கம். பைக்கில் துரு பிடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை டீசலும் பழைய எஞ்சின் ஒயிலும் கலந்து அடியில் அடிக்கிறேன். போதுமா?
— அரச உத்தியோகத்தர், உப்புவெளி

போதுமா என்பதைவிட, நிறுத்துங்கள் என்பதுதான் பதில். பழைய ஒயிலில் எரிந்த கழிவும் அமிலமும் இருக்கும். டீசல், ஸ்விங் ஆம் புஷ், பெற்றோல் குழாய் போன்ற றப்பர்களை ஊத வைக்கும். இரண்டும் சேர்ந்த பசையில் கடற்கரை மணல் ஒட்டிக்கொண்டால், அசைகிற இடமெல்லாம் அரைபடும். பிரேக் டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலோ அடுத்த சந்தியில் தெரியும்.

செய்ய வேண்டியது, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவது. கரையோரக் கிணறுகள் பல உவர்க்கிணறுகள். அந்தத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் உப்பைக் கழுவியதாகாது, பூசியதாகும். குழாய்த் தண்ணீர் இரண்டு வாளி போதும். எஞ்சின் ஆறிய பிறகு மேலிருந்து கீழாக மெதுவாக ஊற்றுங்கள். சேர்விஸ் நிலையங்களின் அழுத்தக் குழாயைச் சில்லின் நடு, ஸ்டியரிங் கழுத்து, செயின் ஆகியவற்றுக்கு நேரே பிடிக்க விடாதீர்கள். சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய் இருந்துவிடும். கழுவியதும் பத்து நிமிடம் ஓட்டினால் இடுக்குகள் காயும், பிரேக்கும் காயும்.

முன் ஃபோர்க் குழாய்களை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். குரோம் மேல் ஊசிமுனை அளவு துருப்புள்ளி வந்தாலே அது ஒயில் சீலின் உதட்டைக் கிழிக்கும். பிறகு எத்தனை சீல் மாற்றினாலும் ஒயில் கசியும், குழாயையே மாற்ற வேண்டும் அல்லது மறுகுரோம் போட வேண்டும்.

எஞ்சின் கவர் போல்ட்டுகள் கழலாமல் தலை உடைவதற்கும் உப்புத்தான் காரணம். அலுமினியக் கவரில் இரும்பு போல்ட். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உப்பு ஈரம் நின்றால் அலுமினியம் அரிபட்டு, வெள்ளைத் தூளாகி, போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். அழகுக்காக ஸ்டெயின்லெஸ் போல்ட் மாற்றுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: போல்ட்தான் துருப்பிடிக்காது, அலுமினியம் அரிபடுவது நிற்காது. எந்தப் போல்ட்டானாலும் புரியில் செம்புக் கிரீஸ் கொஞ்சம் தடவிப் பூட்டுங்கள்.

சைலென்சர் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்துதான் அதிகம் உக்குகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். உப்புவெளியிலிருந்து கச்சேரிக்குப் போய்வரும் ஓட்டத்தில் சைலென்சரின் பின்பகுதி நன்றாகச் சூடேறாது. ஆவி உள்ளேயே தண்ணீராகி நிற்கும். பல சைலென்சர்களின் அடியில், பின்முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். அது தண்ணீர் வடிய வைத்த துளை; சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். ஓட்டை என்று நினைத்து வெல்ட் வைத்துவிடாதீர்கள். வாரத்தில் ஒருநாள் நிலாவெளிப் பக்கமாக இருபது நிமிடம் தொடர்ந்து ஓடிவந்தால் உள்ளே காய்ந்துவிடும்.

பைக்கைப் பொலித்தீன் உறையால் இறுக்கி மூடாதீர்கள். ஈரம் உள்ளே நிற்கும். பழைய பருத்திச் சீலை மேல்.

பல்சர் 150க்குக் கார் எஞ்சின் ஒயில் விடலாமா? விலை குறைவாகக் கிடைக்கிறது.
— வாசகர், தம்பலகாமம்

வேண்டாம். பைக்கின் கிளச் அதே எஞ்சின் ஒயிலில் ஊறியபடிதான் வேலை செய்கிறது. பல கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருப்பதால் கிளச் தட்டுகள் வழுக்கும்: திருகினால் எஞ்சின் கத்தும், பைக் போகாது. டப்பாவில் 20டபிள்யூ-50 என்ற பிசுபிசுப்பு அளவோடு "ஜாசோ எம்ஏ" என்றோ "எம்ஏ2" என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். "எம்பி" என்றிருப்பது ஸ்கூட்டிக்கு உரியது.

நானும் பல்சர் 150தான். பின்னால் 140/60-17 டயர் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும். கராஜில் "ஏறும்" என்கிறார்கள்.
— மாணவர், கிண்ணியா

ஏறும். ஆனால் ஏறுவது வேறு, பொருந்துவது வேறு. 140 அளவு டயருக்கு மூன்றரை அங்குலமாவது அகலமான ரிம் வேண்டும். 100/90-17க்காகச் செய்த ரிம் அதைவிட எவ்வளவோ ஒடுக்கம். ஒடுங்கிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் அதன் இரு ஓரமும் உள்ளே இழுபட்டு, முதுகு கூனலாகும். வீதியில் படுவது நடுக்கோடு மட்டும். காசு கொடுத்து வாங்கிய அகலம் காற்றில்தான் நிற்கும். நடுப்பகுதி சீக்கிரம் தேயும், கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது பைக் அலையும், டயர் செயினிலோ செயின் கவரிலோ உரசும்.

உயரத்தையும் கணக்குப் பாருங்கள். 100/90 என்றால் டயரின் பக்கச்சுவர் 100இல் 90 வீதம், அதாவது 90 மில்லிமீட்டர். 140/60இல் அது 84. சில்லின் மொத்த விட்டம் 12 மில்லிமீட்டர் குறையும், பைக்கின் பின்பக்கம் தாழும். 120/80 போட்டால் 96, விட்டம் 12 கூடும். சில பல்சர் ரிம்களில் 120/80 வரை தாங்கும். உங்கள் ரிம்மின் ஆரத்தில் வார்த்திருக்கும் அகல இலக்கத்தைப் பார்த்து, டயர்க் கம்பனியின் அட்டவணையோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். எங்கள் கருத்தைக் கேட்டால், அதே 100/90இல் நல்ல பிடிமானமுள்ள டயரும் புதுப் பிரேக் லைனிங்கும் போடுங்கள். செலவு குறையும், பைக்கும் நிற்கும்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் சிறு வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2423 என்றால் 2023ஆம் ஆண்டின் 24ஆம் வாரம் செய்தது. கடையில் ஐந்தாறு வருடம் கிடந்த டயர் பார்வைக்குப் புதுசு, தொட்டால் கட்டை. மழையில் சறுக்கும்.

வெள்ளத்தில் என் டிஸ்கவர் 125 இரண்டு நாள் முழுதாகத் தண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?
— விவசாயி, வெருகல்

பார்க்கக் கூடாது. சாவியைக்கூடப் போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் போய் மோதிக் கொனெக்டிங் ரொட் வளையும். வெள்ளத்தால் ஆகாத செலவு அந்த ஒரு விநாடியில் ஆகும்.

முழுக் காப்புறுதி இருந்தால், கைவைப்பதற்கு முன் தண்ணீர்மட்ட அடையாளம் தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுத்துக் கம்பனிக்கு அறிவியுங்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் இதற்கு ஒன்றும் கிடைக்காது.

பற்றரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பொசிட்டிவ். சேறு காய்வதற்குள் நல்ல தண்ணீரால் முழுப் பைக்கையும் கழுவிவிடுங்கள். காய்ந்த களிமண் கேபிளுக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் இறுகினால் பிறகு அசையாது. களப்புத் தண்ணீரோ கடல் தண்ணீரோ புகுந்திருந்தால் அன்றைக்கே கழுவியாக வேண்டும், அடுத்த வாரம் என்று வைக்க முடியாது.

பிளக்கைக் கழற்றுங்கள். டிஸ்கவர் சிலவற்றில் ஒன்றுக்கு மேல் பிளக் உண்டு, எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். துளையால் தண்ணீர் பீறிட்டு வரும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். வருவது நின்றதும் துளைக்குள் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் சில தடவை அமுக்குங்கள். சிலிண்டர்ச் சுவர் துருப்பிடிக்காது.

இனி எஞ்சின் ஒயில். வடிபோல்ட்டைத் திறந்தால் முதலில் வெறும் தண்ணீர் வரும், ஏனென்றால் தண்ணீர்தான் அடியில் நிற்கும். அதன் பின் பால்தேநீர் நிறத்தில் ஒயில் வரும். கிடைக்கிற மலிவான புது ஒயிலைப் பைக்கின் அளவுக்கு ஊற்றி, பிளக் போடாமலே முப்பது நாற்பது தடவை கிக் பண்ணி, வடித்துவிடுங்கள். வடிவது இன்னும் பால்நிறமாக இருந்தால் மறுபடியும். டீசல் விட்டுக் கழுவும் வழக்கம் நம் பகுதியில் உண்டு. டீசல் முழுதாக வடியாமல் மூலைகளில் நின்று அடுத்த ஒயிலை நீர்க்கச் செய்துவிடும், அதனால் மலிவான ஒயிலே நல்லது. ஒயில் ஃபில்டரை மாற்றுங்கள், வலைச் சல்லடை இருந்தால் கழுவுங்கள்.

பெற்றோல் தாங்கியை முழுதாக வடித்து ஒரு கண்ணாடிப் போத்தலில் விட்டு வையுங்கள். தண்ணீர் அடியில் தனிக்கோடாகத் தெரியும். காபரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்குறூவைத் திறந்து வடித்து, ஜெட்டுகளைக் காற்றால் ஊதுங்கள். எயார் ஃபில்டர் கடதாசியானால் எறிந்துவிடுங்கள். பஞ்சானால் மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்து, ஒயில் தடவிப் போடலாம். அது இருக்கும் பெட்டியின் அடியில் எப்போதும் ஒரு கோப்பை சேறு மிஞ்சியிருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். சைலென்சரைக் கழற்றி நிமிர்த்தி வைத்தால் உள்ளே நின்ற தண்ணீர் வடியும்.

வயரிங்தான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஹெட்லைற் கூட்டுக்குள்ளும் சீற்றின் அடியிலும் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் பிரித்து, கொன்டாக்ட் கிளீனர் அடித்து, வெயிலில் ஒருநாள் காயவிட்டுப் பூட்டுங்கள். பச்சை பூத்த பின்களைச் சுரண்டிச் சுத்தம் பண்ண வேண்டும். இன்றைக்கு லைற் எரிகிறதே என்று விட்டுவிட்டால் மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கும், எந்த இடத்தில் கோளாறு என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு புதுப் பிளக், புதுப் பெற்றோல், புது ஒயில். ஸ்டார்ட் ஆனதும் முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை வரும், பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு நிறுத்தி, சூட்டோடு அந்த ஒயிலையும் வடித்துவிடுங்கள். ஆம், மீண்டும்தான். கடைசி ஒயில் இதற்குப் பிறகுதான். வீதிக்கு இறக்குவதற்கு முன் பிரேக் டிரம் இரண்டையும் திறந்து சேற்றை எடுக்க வேண்டும். டிஸ்க் பிரேக்கானால் பிரேக் ஒயில் முழுதாக மாற்ற வேண்டும். சில்லுப் பெயரிங்குகளும் ஸ்டியரிங் கழுத்துக் குண்டுகளும் உடனே சத்தம் போடாது. கிரீஸ் மாற்றாமல் விட்டால் அடுத்த மாரிக்கு முன் சத்தம் போடும்.

எஃப்ஐ பைக் (காபரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெற்றோல் தெளிப்பது) வைத்திருப்பவர்கள் பற்றரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் உள்ள இடத்துக்கு உழவு இயந்திரத்திலோ லான்ட்மாஸ்டரிலோ ஏற்றிக்கொண்டு போங்கள். பம்ப் தாங்கிக்குள் இருக்கிறது. தண்ணீரோடு அதை ஓடவிட்டால் பம்பும் போய் இன்ஜெக்டரும் அடைக்கும்.

ஹபரணை வீதியில் இரவில் வரவேண்டிய வேலை. ஹெட்லைற் போதவில்லை. இரண்டு எல்ஈடி லைற் பூட்ட எண்ணம். நேரே ஹெட்லைற் வயரில் இழுத்தால் போதும் என்கிறார்கள்.
— மருந்து விநியோகிப்பாளர், கந்தளாய்

ஹெட்லைற் வயரும் சுவிட்சும் ஒரு பல்பைத் தாங்கும் அளவுக்கு மெல்லியவை. கூடுதல் லைற்றை அதில் இழுத்தால் சுவிட்சுக்குள் இருக்கும் செப்புத்தகடு கருகும். ஒரு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஒரு ஃபியூஸ், ஒரு தனிச் சுவிட்ச் வாங்குங்கள்.

முதலில் சார்ஜ் இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். மீற்றரைப் பற்றரியில் வைத்து, ஹெட்லைற்றைப் போட்டு, 4000 சுற்றுக்கு ஏற்றுங்கள். 13.8க்கும் 14.5 வோல்ட்டுக்கும் இடையில் நின்றால் சரி. 13க்குக் கீழே இருந்தால் லைற் பூட்டும் பேச்சை ஒத்திவைத்துவிட்டுச் சார்ஜிங்கைச் சரிபாருங்கள். லைற் ஒன்று 20 வாட் என்றால் இரண்டும் 40, 13.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3 அம்பியர். 5 அம்பியர் ஃபியூஸ் போதும். அதே இடத்தில் 55 வாட் ஹலஜன் இரண்டு போட்டால் 8 அம்பியருக்கு மேல் இழுக்கும். 150 சிசி பைக் பலவற்றுக்கு அது கட்டுப்படியாகாது.

ரிலேயின் அடியில் நான்கு இலக்கங்கள். 30க்குப் பற்றரியின் பொசிட்டிவிலிருந்து ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத வயர். ஃபியூஸ் அந்த வயரில் பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், இடையில் வயர் உரசினால் தீப்பிடிக்காமல் தடுப்பது அதுதான். 87லிருந்து லைற்றுகளுக்கு. 85 சேசிஸில் எர்த், பெயின்ற் சுரண்டிய இடத்தில். 86க்கு ஹைபீம் வயரிலிருந்து சுவிட்ச் வழியாக. ஹைபீமில் எடுப்பதற்குக் காரணம் உண்டு: எதிரே வாகனம் வந்து டிம் பண்ணினால் இவையும் சேர்ந்து அணையும். ஸ்டியரிங் கழுத்துக்குப் பக்கத்தில் வயருக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள். இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல், பற்றவைத்துச் சூட்டில் சுருங்கும் உறை போடுங்கள். டேப் நம் வெயிலில் பிசினாகிக் கழன்றுவிடும்.

பைக்கில் ஆளை உட்காரவைத்து, சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஒளியின் நடு, லைற் இருக்கும் உயரத்தைவிட ஒரு சாணாவது கீழே விழ வேண்டும்.

இனி லைற்றால் தீராத விஷயம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில், முக்கியமாகக் கல்ஓயாச் சந்திப் பக்கம், யானை வீதியில் நிற்கும். உணவு எதிர்பார்த்து நிற்கும் யானைகளும் உண்டு. நூறு மீட்டருக்கு முன்பே நின்றுவிடுங்கள். ஹோர்ன் அடிப்பது, லைற்றை மின்னவிடுவது, பக்கவாட்டால் வெட்டிப் போகப் பார்ப்பது மூன்றும் கூடாது. லொறியோ பஸ்ஸோ வரும்வரை காத்திருந்து அதை ஒட்டிக் கடவுங்கள். திரும்பி ஓட இடம் இருக்கும்படி நிறுத்துங்கள். மாலை ஆறிலிருந்து காலை ஆறுவரை அந்த வழியைத் தவிர்க்க முடிந்தால் எந்த லைற்றும் வேண்டியதில்லை. கந்தளாய் தாண்டினால் எருமை. சூடு ஆறாத தார்மேல் படுத்திருக்கும். நகருக்குள் வந்தால் கோட்டைப் பக்கத்து மான்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எண்ணி வேகத்தைக் குறையுங்கள்.

சைலென்சரை மாற்றிச் சத்தமானது போடவும், சிவப்புப் பைக்கை மட் கறுப்பாக்கவும் ஆசை. சட்டப் பிரச்சினை வருமா?
— வாசகர், அநுராதபுரச் சந்தி

நிறம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவையும் மாற்ற வேண்டும். பெயின்ற் அடிக்கிறவர் சேசிஸ் இலக்கத்தின் மேல் புட்டி வைக்காமலும் அதைத் தேய்க்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் வாசிக்க முடியாமல் போனால் பைக்கை விற்கவே முடியாது.

சத்தச் சைலென்சருக்குப் பொலிஸார் வழக்குப் போடுவார்கள். அது போகட்டும், எஞ்சினுக்கும் ஆதாயம் இல்லை. காபரேட்டர் ஜெட்டை மாற்றாமல் திறந்த சைலென்சர் போட்டால் கலவையில் பெற்றோல் குறைந்து எஞ்சின் சூடேறும், திருகை விட்டதும் பட் பட் என்று வெடிக்கும். அந்த வெடிப்பைச் சக்தி என்று நினைக்கிறவர்கள் உண்டு.

ஸ்கூட்டி புறப்படும்போது மட்டும் உடம்பெல்லாம் உதறுகிறது. வேகம் எடுத்ததும் சரியாகிவிடுகிறது.
— ஆசிரியை, சீனக்குடா

உதறுவது கிளச். இடப்பக்கக் கவரைத் திறந்தால் பின்னால் மணி போன்ற ஒரு கிண்ணமும் அதற்குள் மூன்று கிளச் சப்பாத்துகளும் தெரியும். பெல்ட் தூளும் மாரி ஈரமும் சேர்ந்து அவற்றின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கியிருக்கும், அதனால் ஒரேயடியாகப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. 80 இலக்கச் சேண்ட் பேப்பரால் கிண்ணத்தின் உட்புறத்தையும் சப்பாத்துகளையும் தேய்த்து, தூளைத் துடைத்துப் பூட்டினால் பெரும்பாலும் தீரும். கிரீஸோ ஒயிலோ அங்கே படக் கூடாது. திறந்த கையோடு பெல்ட்டை மடித்துப் பாருங்கள், பல்லின் அடியில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். வீதியில் அறுந்தால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். பின்சில்லுக் கியர் ஒயிலைப் பலர் மாற்றுவதே இல்லை. டியோ, அக்டிவா வகைகளுக்கு 120 மில்லிலீற்றர் மட்டும்தான்.

பழைய ஹொண்டா சிடி 125 பென்லி. வலப்பக்கச் சைலென்சர் சூடாகிறது, இடப்பக்கம் தொட்டால் குளிர்ச்சி. காபரேட்டரை மூன்று முறை கழுவியாகிவிட்டது.
— ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், உட்துறைமுக வீதி

காபரேட்டரை விடுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் ஒரே காபரேட்டர், ஒரு பக்கம் எரிகிறது என்றால் அது வேலை செய்கிறது. இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், ஒரே கொயில் இரண்டு பிளக்குக்கும் ஒரே நேரத்தில் தீப்பொறி கொடுக்கும். பொயின்ற், கொண்டென்சர், கொயில் கெட்டால் இரு பக்கமும் சேர்ந்தே தடுமாறும். அதனால் அவற்றுக்கும் இப்போது செலவழிக்க வேண்டாம்.

இடப்பக்கப் பிளக்கைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். பெற்றோல் நனைந்து ஈரமாக இருந்தால் பொறி வரவில்லை: பிளக்குகளை இடம் மாற்றிப் போடுங்கள். குளிர்ச்சி வலப்பக்கம் போனால் பிளக்தான் குற்றவாளி, இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வைத்துப் புதிது போடுங்கள். போகாவிட்டால் பிளக் தொப்பியும் வயரும். எண்ணெய்ப் பசையோடு கறுப்பாக இருந்தால் ரிங் அல்லது வால்வு வழியாக ஒயில் ஏறுகிறது. வெள்ளையாகக் காய்ந்திருந்தால் அந்தப் பக்கம் காற்று இழுக்கிறது. எஞ்சின் ஓடும்போது, காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மனிஃபோல்ட் பொருத்தில் சவர்க்காரத் தண்ணீரை ஒரு பிரஷ்ஷால் தடவிப் பாருங்கள், ஓட்டம் மாறினால் ஓ-ரிங் போய்விட்டது.

இவை எல்லாம் சரி என்றால் வால்வு இடைவெளி. எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது, நான்கு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர். இறுக்கமாக வைத்த வால்வு முழுதாக மூடாது, கொம்பிரஷன் போய்விடும். ஃபீலர் தகடு இலேசாக உரசி வரவேண்டும், இழுத்துப் பிடுங்கும்படி இருக்கக் கூடாது. அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் ஹெட்டைக் கழற்றும் யோசனைக்குப் போங்கள்.